மெடல் விலையில் ஒளிந்திருந்த நாற்பது ரூபாய்

லக்ஷ்மிநாராயணன் சார் தயிர் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பார். அதை எல்லோரும்தான் பார்க்கிறோம். அவர் அந்தத் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து, பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் நேராக என் வீட்டுக்கு வந்து, "சிஸ்டர், இது என் உடம்புக்கா, அவரோட கமிஷனுக்கா?" என்று கேட்பார். நான் ஆலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆரோக்கியமேரி என்ற என் பெயரை இந்தக் காலனியில் யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர்தான். "உடம்புக்குத்தான் சார்" என்று நான் சொன்னாலும் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவார். இதில் எனக்கும் பங்கு இருக்குமோ என்று.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ராமச்சந்திராபுரத்துப் பெரிய ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு போல்ட் வாங்குவதாக இருந்தாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, மூடிய உறைகளை நாலு பேர் முன்னால் பிரித்து, எது குறைவோ அதற்குத்தான் ஆர்டர். தீபாவளிக்கு சப்ளையர்கள் அனுப்பும் இனிப்புப் பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மனைவி சாவித்ரிக்கு அதில் வருத்தம்தான். "மைசூர்பாகு சாப்பிட்டா நேர்மை கரைஞ்சுடுமா, ன்னா?" என்று கேட்பாளாம். கரைந்துவிடும் என்றுதான் அவர் உண்மையிலேயே நினைத்தார். கறாரான மனிதர், கை சுத்தம். ஆனால் தன் கை மட்டும்தான் சுத்தம் என்று ஒரு நினைப்பு.

தெலுங்கு நாட்டில் இருக்கும் எங்கள் காலனியில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஓட்டம் நடத்துவோம். குழந்தைகள், பெரியவர்கள், மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் ஓடுவார்கள். முன்பெல்லாம் ஓடி முடித்தவர்களுக்கு ஒரு ஸ்டீல் டப்பா கொடுப்போம். மூன்று வருஷங்களுக்கு முன் பிள்ளைகள் மெடல் வேண்டும் என்றார்கள். அதுவும் கடையில் தொங்குகிற மெடல் இல்லை. நம் சங்கத்தின் பெயரும் கரும்பும் பொங்கல் பானையும் போட்ட, நமக்கென்றே வார்த்த மெடல்.

அந்த வேலையைச் செயலாளர் தேவராஜ் எடுத்துக்கொண்டார். தேவராஜின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கிறது. அங்கே எந்தச் சந்தில் என்ன கிடைக்கும் என்று அவரைக் கேட்டால் போதும். இங்கே குடிவந்து இருபது வருஷமாகிறது. லீவுக்கு ஊருக்குப் போகிற பாதிப் பேர் வீட்டுச் சாவியை தேவராஜ் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், கேஸ் வந்தால் எடுத்து வைப்பார். "சாவியை அவர்ட்டயா குடுத்தீங்க?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

செகந்திராபாத்தில் இர்பான் என்பவரின் கடையில் மெடல் செய்யக் கொடுத்தார் தேவராஜ். சரக்கு வந்ததும் அட்டைப்பெட்டி நேராக லக்ஷ்மிநாராயணன் சார் வீட்டுக்குப் போகும். யாரும் அவரைச் சோதனை போடச் சொல்லவில்லை. அவராகவே போட்டார். வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனம் அளந்தார். ரிப்பனை இழுத்துப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டி முலாம் பெயர்கிறதா என்று பார்த்தார். முதல் வருஷம் சாம்பிளே மூன்று முறை திரும்பிப் போனது. சரக்கு வந்தபின் கால்வாசியைக் கழித்துக்கட்டினார். ஒன்றில் பானையின் விளிம்பு மங்கலாம், ஒன்றில் சிவப்பு வர்ணம் கோட்டைத் தாண்டிவிட்டதாம். தேவராஜ் முகம் சுளிக்காமல் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு திரும்பவும் செகந்திராபாத் போவார். இரண்டாம் வருஷமும் அதே கதை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, சார் இருக்கும்வரை நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

போன நவம்பரில் மூன்றாம் வருஷத்துக்கான விலையை தேவராஜ் சங்கத்தில் சொன்னார். மெடலுக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. லக்ஷ்மிநாராயணன் சாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"என்ன தேவராஜ், அச்சு போன வருஷத்து அச்சுதானே? வருஷத்தை ரிப்பன்லதானே போடறோம்? புது டை வெட்டற செலவே இல்லையே?"

"ஹவ் சார், அதே டைதான்." ஆமாம் என்பதற்கு அவர் வாயில் செகந்திராபாத்து ஹவ்தான் வரும்.

"பித்தளையா? ஜிங்க்தானே? அளவு அதே, கனம் அதே, வர்ணம் அதே. எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே. அப்புறம் நாற்பது ரூபா எங்கேர்ந்து வந்தது?"

"மார்க்கெட் அப்படி சார்" என்றார் தேவராஜ். அவருக்குப் பொய் சொல்ல வராது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், எனக்கே அது உறுத்தியது.

அன்றிலிருந்து சார் தூங்கவில்லை என்று சாவித்ரி சொன்னாள். நானும் அவளும் தினமும் காலையில் ஒன்றாக நடக்கிறவர்கள், அந்த வீட்டுச் சேதி எனக்கு அப்படித்தான் வரும். மெடலைத் துண்டு துண்டாக மனசுக்குள் பிரித்துப் போட்டாராம். உலோகத்துக்கு இவ்வளவு, வார்ப்புக்கு இவ்வளவு, பாலிஷ், முலாம், வர்ணம், ரிப்பன், கொக்கி, பிளாஸ்டிக் உறை. எல்லாம் போக நாற்பது ரூபாய் அநாதையாக நிற்கிறதாம். அது யார் பாக்கெட்டுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. பதிலையும் அவரே வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சாவித்ரியைக் கூட்டிக்கொண்டு செகந்திராபாத் போனார். இர்பான் அவரைப் பார்த்ததே இல்லை, போக்குவரத்தெல்லாம் தேவராஜ் மூலம்தான். அதுதான் வசதி. தான் ஒரு பள்ளிக்கூடத்தின் நிர்வாகி, இவர் தலைமையாசிரியை, விளையாட்டு விழாவுக்கு மெடல் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆலையில் இருந்தபோதும் சப்ளையர்களின் உண்மை விலையை அறிய இப்படி வேறு பெயரில் விசாரிப்பது அவர் வழக்கமாம். "பொய் சொல்றதுக்கு என்னையும் அழைச்சுண்டு போனார் சிஸ்டர், நேர்மையைக் காப்பாத்தறதுக்கு" என்றாள் சாவித்ரி.

இர்பான் பேச்சில் கெட்டிக்காரர். தாயார் ஆம்பூர்க்காரர் என்பதால் தமிழும் வரும், நடுநடுவே தக்கணி உருது கலந்துவிடும். மெடலின் விலையை எது ஏற்றும், எது இறக்கும் என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னாராம்.

"பெரிசு பண்ணினா ஏறும் சாப். கனமாக்கினா ஏறும். ரெண்டு பக்கமும் டிசைன்னா டை ரெண்டு. நடுவுல ஓட்டை ஓட்டையா வெட்டணும்னா ஃபினிஷிங் வேலை ஜாஸ்தி. ஒவ்வொரு கலருக்கும் தனிக் கூலி. எல்லார் பேரும் தனித்தனியா பொறிக்கணும்னா அதுக்குத் தனி. ஐம்பது பீஸ்னா டை செலவு தலைக்கு ஏறிடும், ஐந்நூறுன்னா தெரியாது. நாளைக்கே வேணும்னா அதுக்கும் ரேட்டு. நிதானமா வாங்கினா நானும் நிதானமா குடுப்பேன்."

சார் ஒன்றுவிடாமல் எங்கள் சங்கத்து மெடலின் கணக்கையே சொன்னார். அதே அளவு, அதே கனம், அதே எண்ணிக்கை, அதே நாள். படம் மட்டும் வேறு, அதற்குப் புது டை. அப்படியும் இர்பான் சொன்ன விலை தேவராஜ் சொன்னதைவிடக் குறைவு. டை செலவைக் கழித்துப் பார்த்தால் இடையில் நின்றது அதே நாற்பது ரூபாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசமாம். மகள் ஹம்ஸினிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோதுகூட அப்படி இல்லை என்றாள் சாவித்ரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து இரண்டு விலைகளையும் படித்தார். "வித்தியாசம் எங்கே போறதுன்னு செயலாளர் சொல்லணும்" என்று உட்கார்ந்தார். தேவராஜ் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், லக்ஷ்மிநாராயணன் சாரைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பணத்தை நான் தொடல சார். அதுக்கு மேல நக்கோ, வேணாம், என்னைக் கேக்காதீங்க."

"கேக்காம எப்படி விடறது?"

"அப்ப செயலாளர் வேலை எனக்கு வேணாம். வேற யாராவது பாத்துக்கோங்க."

போய்விட்டார். திருடன் இல்லை என்றால் ஏன் பதில் சொல்லாமல் போகிறான் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏன் அவமானப்பட வேண்டும் என்று எனக்கும் புரியவில்லை.

அன்று சாயங்காலமே லக்ஷ்மிநாராயணன் சார் தன் வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த ஒரு வாரம் ஒவ்வொருவராக தேவராஜ் வீட்டுப் படியேறினார்கள். ஒருவருக்கு மச்சினன் வருகிறானாம், ஒருவர் பூட்டை மாற்றப் போகிறாராம். காரணம் கேட்காமல் தேவராஜின் மனைவி விஜயகுமாரி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அவள் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயும் பேச்சு போய்விட்டது. காய்கறி வண்டியருகே என்னைப் பார்த்து, "அவரு மூணு நாளா வெளிய வரல சிஸ்டர்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மெடல் வேலை இப்போது லக்ஷ்மிநாராயணன் சார் தலையில். வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தார். ஒருவர் தயாராக இருக்கும் மெடலின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றார். சங்கத்தின் டை இர்பானிடம்தான் இருந்தது. திரும்பவும் சாவித்ரியோடு செகந்திராபாத் போனார். இந்த முறை மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் கிள்ளிக்கூடம் எல்லாம் இல்லை, ராமச்சந்திராபுரத்துத் தமிழ்ச் சங்கத்துக்குத்தான் மெடல் வேண்டும், அன்று சொன்ன ரேட்டில் கொடு என்றார்.

இர்பான் முகம் மாறியது. "அந்தக் காலனிக்கா? அப்ப ரேட் வேற சாப்."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன் வேற? தேவராஜுக்கு அதுல எவ்வளவு?"

"தேவராஜ் பாய்க்கா?" இர்பான் சிரித்துவிட்டார். "அவரு ஒரு டீகூட என் காசுல குடிக்கமாட்டாரு. உங்க காலனில ஒரு பெரிய சாப் இருக்காராம், நீங்க பாத்திருப்பீங்க. போல்ட் நட் வாங்கற மாதிரி மெடல் வாங்கறவரு. ஒரு ஆர்டருக்கு மூணு சாம்பிள். ஒரு சாம்பிளுக்காக முலாம் தொட்டியைச் சூடேத்தினா எனக்கு என்ன மிஞ்சும்? அதுக்கப்புறம் கால்வாசி சரக்கைத் திருப்பி அனுப்புவாரு. முதல் வருஷம் கையைச் சுட்டுக்கிட்டேன். ரெண்டாம் வருஷமும் சுட்டுக்கிட்டேன். இந்த வருஷம் பாய்கிட்ட சொல்லிட்டேன், அந்த சாப் கைக்குப் போற சரக்குன்னா பீஸுக்கு நாப்பது ரூபா மேல போட்டுத்தான் குடுப்பேன். கடையில நாங்க அதுக்கு டென்ஷன் சார்ஜுன்னு பேரு வெச்சிருக்கோம்."

சாவித்ரி கணவரைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"பாய் சண்டை போட்டாரு. கடைசியில சரின்னுட்டு ஒண்ணு சொன்னாரு. பில்லுல அதைத் தனியா எழுதாதே இர்பான், அவரு பெரிய மனுஷன், தெரிஞ்சா கூனிப்போயிடுவாருன்னாரு."

சாருக்கு இதுவும் சந்தேகம்தான். அவரை அப்படிப் படைத்திருக்கிறது. "இது நீயும் அவனும் பேசி வெச்ச கதை" என்றார்.

இர்பானுக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கோணிப்பையை இழுத்துவந்து அவர் காலடியில் கவிழ்த்தார். எங்கள் பொங்கல் பானை மெடல்கள். இரண்டு வருஷமும் திரும்பிப் போனவை.

"பாருங்க. திரும்பி வந்தா முலாமைக் கழட்டி, பாலிஷ் போட்டு, மறுபடி முக்கிக் குடுத்திருப்பேன். அதுக்குக்கூட வழி இல்ல. கொக்கி கிட்ட ஒவ்வொண்ணுலயும் யாரோ ரெண்டு புள்ளி குத்தி வெச்சிருக்காங்க. ஆழமா. எந்தப் பாலிஷுக்கும் போகல. இனிமே உருக்கத்தான் போடணும். யாரு குத்தினது, எதுக்குக் குத்தினதுன்னு பாய்க்கே தெரியல."

லக்ஷ்மிநாராயணன் சாருக்குத் தெரியும். ஆலையில் கழித்த சரக்கையே சப்ளையர் திரும்பவும் கலந்து அனுப்பிவிடுவான் என்று, கழித்த ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் குத்திவிடுவது அவர் வழக்கம். எந்த அடையாளம், எந்த இடம் என்று யாரிடமும் சொல்லமாட்டார். மெடல் பெட்டி வந்த இரண்டு வருஷமும் பின்கட்டில் உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு புள்ளியாகக் குத்தினார். சாவித்ரிக்குக்கூட என்ன சத்தம் என்று தெரியாது. ஆக, இதை தேவராஜ் கதை கட்டியிருக்க முடியாது. அவர் குனிந்து ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்த சாப் நான்தான்" என்றாராம்.

இர்பான் பதறிப்போய் டீ சொல்லி அனுப்பினார். சார் குடிக்கவில்லை. சாவித்ரி குடித்தாள். வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாளாம். "பால்காரன்லேர்ந்து பிளம்பர் வரைக்கும் நம்மாத்துக்கு மட்டும் ஏன் எல்லாம் ரெண்டு ரூபா ஜாஸ்தின்னு இத்தனை வருஷமா யோசிச்சிண்டிருந்தேன். இப்பத்தான் புரியறது."

அவர் கெட்டவராக இருந்தால் இதோடு விட்டிருப்பார். இர்பான் வாயை மூடிக்கொண்டிருப்பார், தேவராஜும் பேசமாட்டார். ஆனால் அடுத்த ஞாயிறே கூட்டம் கூட்டினார். கொட்டேஷன் படிக்கிற அதே குரலில், நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். திருப்பி அனுப்பிய சாம்பிள்களைச் சொன்னார், புள்ளிகளைச் சொன்னார். "வித்தியாசம் எங்கே போறதுன்னு கேட்டேனே, அது நான்தான். தேவராஜ் என்னைக் காப்பாத்தறதுக்காகத் திருட்டுப் பட்டத்தை வாங்கிண்டு போனார்" என்றார். சோதனை போடமாட்டேன் என்று இர்பானிடம் ஒப்புக்கொண்டதால் விலையில் அந்த நாற்பது ரூபாய் குறைந்துவிட்டது என்றும் சொன்னார்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைதட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். விலையையும் குறைத்துவிட்டாரே என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார் கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்க எரிச்சலாக இருந்தது.

தனியாகப் போகப் பயந்து, தேவராஜ் வீட்டுக்கு சாவித்ரியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விஜயகுமாரி உள்ளே வரச் சொன்னாள். தேவராஜ் எழுந்து நாற்காலி போட்டார். இளைத்துப் போயிருந்தார், தாடி வேறு. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் சாருக்குச் சர்க்கரை இல்லாத டீ என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன் தேவராஜ். தப்பு முழுக்க என்னோடது. நீங்க திரும்ப செயலாளரா வரணும்."

"கேள்விப்பட்டேன் சார். எல்லாரும் நம்பினாங்களா?"

"எல்லாரும் நம்பிட்டா. கைகூடத் தட்டினா."

தேவராஜ் தலையாட்டினார்.

"ஹவ் சார். அன்னிக்கும் நீங்க சொன்னதும் நம்பினாங்க. இன்னிக்கும் நீங்க சொன்னதும் நம்பிட்டாங்க. நான் தொடலன்னு சொன்னேனே, அதை ஒருத்தரும் நம்பல."

சார் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. தேவராஜ் எழுந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல சார். சத்தியமா இல்ல. நீங்க பெத்த பிள்ளைகிட்டயே மூணு கொட்டேஷன் கேப்பீங்க, அது உங்க சுபாவம், எனக்குத் தெரியும். அதுக்குத்தானே நான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா காலனில மத்தவங்க அப்படி இல்லையே சார். அவங்க யாரையும் சந்தேகப்படறவங்க இல்ல. என்னை மட்டும்தான் சந்தேகப்பட்டாங்க."

விஜயகுமாரி டீயோடு வந்து நின்றாள். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.